ஆர்ம் லேப்டாப்புக்கு மாறினால் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிறிய கணக்கு அலுவலகம். பழைய இன்டெல் கணினிகளைக் கழித்துவிட்டு, ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். பேட்டரி நன்றாக நிற்கிறது, சூடாவதில்லை. "இதுவும் விண்டோஸ் 11தான் சார், எல்லாம் ஓடும்" என்கிறார் கடைக்காரர். அலுவலகத்தில் இருப்பவை: கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், ஒரு பழைய பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு மென்பொருள். விண்டோஸ் அதேதான் என்னும்போது ப்ராசஸர் மாறினால் என்ன, நாளைக்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு ப்ராசஸர் வகை வந்தால் மறுபடியும் இதே தலைவலியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கில்தான் உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. தனியாக ஓடும் நிரல் எதுவானாலும் இன்றைய ஆர்ம் விண்டோஸில் பெரும்பாலும் ஓடிவிடும். இன்னொரு நிரலுக்குள் புகுந்து வேலை செய்வதும், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடுவதும்தான் காலை வாரும். டோக்கன், பிரிண்டர், தட்டச்சு மென்பொருள் மூன்றும் அந்த ரகம். ஏன் என்று பார்க்க, கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

ஒரு எக்ஸ்இ கோப்புக்குள் இருப்பது ப்ராசஸருக்கான கட்டளைகள். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள் புரிந்துகொள்ளும் எக்ஸ்86 கட்டளை ஒன்று 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட் வரையும் போகலாம். 64-பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட். 64-பிட் எக்ஸ்86-இல் பொதுப் பயனுக்கு 16 ரெஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்கள்), ஆர்மில் 31. ஒன்றுக்காக எழுதிய கட்டளைகளை மற்றதிடம் கொடுத்தால் அதற்கு அவை அர்த்தமில்லாத எண்கள். விண்டோஸின் கர்னலும் இப்படிப்பட்ட கட்டளைகளின் குவியல்தான். ஆகவே உங்கள் பழைய கணினியில் இருக்கும் விண்டோஸும் புது லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸும் ஒரே மூல நிரலிலிருந்து (மனிதர் எழுதிய வடிவம்) தனித்தனியாகக் கம்பைல் செய்யப்பட்ட, அதாவது ப்ராசஸர் கட்டளைகளாக மாற்றப்பட்ட இரண்டு வேறு சரக்குகள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புது லேப்டாப்பில் மாட்டினால் பூட் ஆகாது.

மூல நிரல் கையில் இருந்தால் திரும்பக் கம்பைல் செய்தால் முடிந்தது என்று தோன்றும். பாதி நேரம் அப்படித்தான் முடியும். மீதி நேரத்தில், யாரும் எழுதி வைக்காத அனுமானங்கள் நிரலுக்குள்ளிருந்து எழுந்து வரும். 1970களில் யுனிக்ஸைப் பிடிபி-11 கணினியிலிருந்து வேறு கணினிக்குக் கொண்டு போனபோது, எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறி, 'யுனிக்ஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'நுக்ஸி' என்று வந்ததாக ஒரு கதை உண்டு. ஒரு எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பதா, சிறிய பைட்டை முதலில் வைப்பதா என்பதில் இரண்டு கணினிகளும் ஒத்துப்போகவில்லை. இன்று ஆர்மும் எக்ஸ்86ம் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் இருக்கின்றன. சி மொழியில் 'சார்' என்ற ஒரு பைட் வகை, லினக்ஸ் எக்ஸ்86-இல் குறை எண்களையும் ஏற்கும். லினக்ஸ் ஆர்மில் ஏற்காது. கோப்பின் முடிவைக் குறிக்கும் மைனஸ் ஒன்றை அந்த வகையில் போட்டு ஒப்பிடும் பழைய நிரல், ஆர்மில் முடிவே தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நிரல் எழுதியவர் இருபது வருடமாக 'சரியாகத்தானே ஓடுகிறது' என்று நிம்மதியாக இருந்திருப்பார்.

இவற்றிலெல்லாம் மோசமானது நினைவக வரிசை. ப்ராசஸரின் ஒரு கோர் (தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதி) முதலில் தரவை எழுதுகிறது, அப்புறம் 'தரவு தயார்' என்று ஒரு கொடியை எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்86-இல் மற்றக் கோர்களும் அதே வரிசையில்தான் இரண்டையும் பார்க்கும். ஆர்ம் அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. கொடி முதலில் தெரிந்து, தரவு பின்னால் வந்து சேரலாம். இதைத் தடுக்கத் தனிக் கட்டளைகள் இருக்கின்றன. நிரல் எழுதியவர் அவற்றைப் போட்டிருக்க வேண்டும். எக்ஸ்86-இல் போடாவிட்டாலும் பெரும்பாலும் ஓடியதால் பலர் போடவில்லை. இப்படிப்பட்ட பிழை பத்தாயிரத்தில் ஒரு முறைதான் தலை காட்டும், அதுவும் வாடிக்கையாளர் கணினியில்.

மூல நிரல் கிடைக்காதபோது மொழிபெயர்ப்பான்தான் வழி: எக்ஸ்86 கட்டளைகளைப் படித்து, அதே வேலையைச் செய்யும் ஆர்ம் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் ஒரு நிரல். இது புதிய வித்தை இல்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1996-இலேயே தன் ஆல்ஃபா ப்ராசஸருக்காக எஃப்எக்ஸ்32 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இன்டெல்லுக்கான விண்டோஸ் நிரலை முதல் தடவை ஓட்டும்போது மெதுவாகப் போலியாக்கம் செய்யும். எந்தப் பகுதிகள் ஓடின என்று குறித்துக்கொள்ளும். பயனர் மூடிய பிறகு பின்னணியில் உட்கார்ந்து அந்தப் பகுதிகளை ஆல்ஃபா கட்டளைகளாக மாற்றி வைக்கும். அடுத்த தடவை வேகம் கூடியிருக்கும். ஆப்பிள் 2020-இல் எம்1 ப்ராசஸரோடு தந்த ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பான், ஒரு நிரலை நிறுவும்போதோ முதல் தடவை திறக்கும்போதோ மொத்தமாக மாற்றி வைத்துவிடுகிறது. மேலே சொன்ன நினைவக வரிசைக்கு ஆப்பிள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். தன் ப்ராசஸருக்குள்ளேயே ஒரு சுவிட்ச் வைத்தார்கள். மாற்றப்பட்ட நிரல் ஓடும்போது அந்தக் கோர் எக்ஸ்86-இன் வரிசை விதிப்படி நடந்துகொள்ளும். ப்ராசஸரும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் இந்த வசதி. மைக்ரோசாஃப்டுக்கு அது இல்லை. அதனால் ஆர்ம் விண்டோஸில் ஒரு எக்ஸ்இ கோப்பின் 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தைத் திறந்தால், வேகம் வேண்டுமா, கறாரான வரிசை வேண்டுமா, எல்லாவற்றையும் ஒரே கோரில் ஓட்டட்டுமா என்று உங்களையே கேட்கும் அமைப்புகள் இருக்கின்றன. ஒரு பழைய நிரல் அவ்வப்போது காரணமில்லாமல் மூடிக்கொண்டால் அங்கே போய்ப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் மொழிபெயர்ப்பான் 2017-இல் வந்தபோது 32-பிட் நிரல்களை மட்டும்தான் ஓட்டியது. 2021-இல் விண்டோஸ் 11 வந்த பிறகுதான் 64-பிட் நிரல்களும் ஓடின. 2024-இல் ப்ரிஸம் என்ற பெயரில் வந்த புதிய பதிப்பு கணிசமாக வேகமானது. உங்கள் கணக்கு மென்பொருள் இதில் ஓடிவிடும் என்றே எதிர்பார்க்கலாம். அது கேட்கும் கோப்பு, வலையமைப்பு, திரை வேலைகளையெல்லாம் செய்வது ஆர்முக்காகவே கம்பைல் ஆன விண்டோஸ். மொழிபெயர்ப்பு வேண்டியது நிரலின் சொந்தக் கணக்குகளுக்கு மட்டும்.

சரி, அப்படியானால் தட்டச்சு மென்பொருளுக்கு என்ன வந்தது? விதி இதுதான்: ஒரே புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு விண்டோஸ் ஒதுக்கும் தனி இடம்) இரண்டு வகைக் கட்டளைகள் சாதாரணமாக ஒன்றாக இருக்க முடியாது. தட்டச்சு மென்பொருள்களில் பல தனியாக ஓடுவதில்லை. நீங்கள் எந்த நிரலில் தட்டச்சு செய்கிறீர்களோ அந்த நிரலின் புராசஸுக்குள் டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்பாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வேர்டு ஆர்முக்காகக் கம்பைல் ஆனது, தட்டச்சு டிஎல்எல் எக்ஸ்86 என்றால், அது உள்ளே ஏறாது. விசித்திரம் என்னவென்றால், மொழிபெயர்ப்பில் ஓடும் பழைய 64-பிட் நிரலில் அதே தட்டச்சு வேலை செய்யக்கூடும். 'இதில் தமிழ் வருகிறது, அதில் வரவில்லை' என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். நல்ல வேளையாக விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்பவர்கள் தனி மென்பொருளைத் தலைமுழுகிவிடலாம். பழைய எழுத்துருக் குறியேற்றத்தில்தான் கோப்பு வேண்டும் என்று கேட்கும் அச்சகத்தோடு வேலை இருந்தால் மட்டும் சிக்கல்.

டோக்கனும் கிட்டத்தட்ட இதே கதை. அதை யுஎஸ்பி ஸ்மார்ட் கார்டு ரீடராக அடையாளம் காணும் வேலையை விண்டோஸின் சொந்த டிரைவரே பார்த்துவிடலாம். ஆனால் கையொப்பம் போட, டோக்கன் தயாரித்தவர் தரும் நூலகக் கோப்பு பிரவுசருக்குள்ளோ கையொப்ப நிரலுக்குள்ளோ ஏற வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருந்தாக வேண்டும். தயாரிப்பாளர் ஆர்ம் பதிப்பு தரவில்லை என்றால், கையொப்ப நிரலின் எக்ஸ்86 பதிப்பையே நிறுவி மொழிபெயர்ப்பில் ஓட்டிப் பார்க்கலாம். இருவருமே பழைய உலகத்தில் இருப்பதால் ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. மேக்கில் இசை அமைப்பவர்கள் இதே தந்திரத்தைத்தான் செய்தார்கள்: பழைய ப்ளக்-இன் ஏற வேண்டும் என்பதற்காக முழு நிரலையும் ரொசெட்டாவில் திறந்தார்கள். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பக்கத்துக்குப் போய் 'ஆர்க்கிடெக்சர்' என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே புராசஸுக்குள் இரண்டையும் சேர்க்க மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆர்ம்64இசி என்று பெயர். அந்த முறையில் கம்பைல் செய்த ஆர்ம் நிரல், 64-பிட் எக்ஸ்86 டிஎல்எல்லோடு பேசும். ஆனால் அப்படிக் கம்பைல் செய்ய வேண்டியவர் நிரல் தயாரித்தவர். நம் கையில் எதுவும் இல்லை.

பிரிண்டர் கர்னல் பக்கத்துக் கதை. கர்னலுக்குள் ஓடும் டிரைவருக்கு மொழிபெயர்ப்பே கிடையாது. ஆர்முக்காகக் கம்பைல் ஆன டிரைவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விண்டோஸில் மட்டுமில்லை, ரொசெட்டாவும் கர்னல் நீட்சிகளைத் தொடுவதில்லை. ஏன் தொடுவதில்லை? மொழிபெயர்ப்பானே கர்னலின் தயவில் ஓடும் ஒரு நிரல். அதோடு, டிரைவர் நேரடியாக வன்பொருளின் முகவரிகளோடும் குறுக்கீடுகளோடும் விளையாடுகிறது. அங்கே ஒரு சின்னத் தவறு நடந்தால் போவது அந்த நிரல் மட்டுமில்லை, மொத்தக் கணினியும்தான். ஓட்டுவது முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆபத்துக்கு யாரும் துணியவில்லை. பிரிண்டரின் நேரடி டிரைவர்கள் எல்லாமே கர்னலுக்குள் ஓடுபவை அல்ல. ஆனால் விண்டோஸின் அச்சுச் சேவை ஆர்மில் இருப்பதால் அதற்குள் ஏறும் டிரைவரும் ஆர்மாகத்தான் இருக்க வேண்டும். வலையமைப்பில் இணைந்து மொப்ரியா முறையைப் புரிந்துகொள்ளும் புதிய பிரிண்டர் என்றால் தயாரிப்பாளரின் டிரைவரே தேவையில்லை. பத்து வருடப் பழசு என்றால் டிரைவரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். விபிஎன், ஆன்டிவைரஸ், கள்ளாட்டத்தைத் தடுக்கும் கர்னல் டிரைவரோடு வரும் விளையாட்டுகள், எல்லாம் இதே வரிசை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கணக்கு அலுவலகம் என்பதால். யாரோ ஒருவர் என்றோ டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த நிரல் ஏதாவது மூலையில் ஓடிக்கொண்டிருந்தால், அது ஆர்மின் குற்றத்தால் நிற்காது. 64-பிட் விண்டோஸ் எதுவுமே 16-பிட் நிரலை ஓட்டாது, விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே இல்லை. டாஸ்பாக்ஸ் மாதிரி முழுக் கணினியையே போலியாக்கம் செய்யும் நிரல்தான் வழி. அது ஆர்மிலும் ஓடும்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே ஒரு லேப்டாப் வாங்கி, மாதக் கடைசியில் ஒரு முழு ரிட்டர்ன் தாக்கலை அதில் செய்து பார்ப்பேன். டோக்கன் கையெழுத்துப் போடவில்லை என்றால் மீதியை இன்டெல் அல்லது ஏஎம்டியிலேயே வாங்குவேன். எப்படியானாலும் ஒரு பழைய கணினியைக் கழிக்காமல் வைத்திருப்பேன்.

இனி, 'விண்டோஸ் அதேதானே' என்ற கேள்வி. இயங்குதளத்தைப் புது ப்ராசஸருக்குக் கொண்டு போவது என்றைக்குமே கஷ்டமான பாதியாக இருந்ததில்லை. இன்றைய விண்டோஸின் முன்னோடியான விண்டோஸ் என்டியை மைக்ரோசாஃப்டில் டேவ் கட்லர் தலைமையிலான குழு முதலில் இன்டெல்லின் ஐ860 என்ற வேறு ரக ப்ராசஸருக்கும் பிறகு மிப்ஸுக்கும்தான் எழுதியது. எக்ஸ்86-இன் பழக்கங்கள் நிரலுக்குள் ஊறிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. 1996-இல் வந்த என்டி 4.0 எக்ஸ்86, மிப்ஸ், ஆல்ஃபா, பவர்பிசி என நான்கு வகையிலும் ஓடியது. விண்டோஸ் 2000 வெளிவந்தபோது மற்ற மூன்றும் போய் எக்ஸ்86 மட்டும் மிச்சம். விண்டோஸ் ஓடியது, அதன் மேல் ஓட்ட மென்பொருள்தான் வரவில்லை. 2012-இல் ஆர்முக்காக வந்த விண்டோஸ் ஆர்டியில் மொழிபெயர்ப்பானே கிடையாது, வெளியார் எழுதிய டெஸ்க்டாப் நிரல்களுக்கு அனுமதியும் கிடையாது. பார்ப்பதற்கு அசல் விண்டோஸ். வீட்டுக்குக் கொண்டு வந்து எக்ஸ்இ கோப்பைத் தட்டினால் ஓடாது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. இன்டெல்லின் 64-பிட் ப்ராசஸரான ஐட்டேனியத்தின் கதையும் இதற்குப் பக்கத்து வீடுதான்: பழைய எக்ஸ்86 நிரல்களை அது ஓட்டிய வேகம் பரிதாபம். 2003-இல் ஏஎம்டி, பழைய நிரல்களை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே 64-பிட்டையும் தந்தது. சந்தை யார் பக்கம் போனது என்று உங்கள் பழைய கணினியைத் திறந்தாலே தெரியும்.

உருப்படியாகச் செய்தவர்களில் ஆப்பிளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் ஐபிஎம்மின் ஏஎஸ்/400ஐச் சொல்வேன். 1988-இல் வந்த அந்தக் கணினியில், நிரல்கள் நேரடியாக ப்ராசஸர் கட்டளைகளாக மட்டும் இருக்கவில்லை. எந்த ப்ராசஸரையும் சாராத ஒரு இடைநிலை வடிவமும் நிரலோடு சேர்ந்தே வட்டில் இருந்தது. 1995-இல் ஐபிஎம் 48-பிட் ப்ராசஸரைத் தூக்கிவிட்டு 64-பிட் பவர்பிசி வகைக்கு மாறியபோது, அந்த இடைநிலை வடிவத்திலிருந்து புதிய கட்டளைகளைக் கணினியே உருவாக்கிக்கொண்டது. வங்கிகளும் தொழிற்சாலைகளும் ஓட்டிய நிரல்களுக்கு மூல நிரல்கூட வேண்டியிருக்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? வட்டில் இடம் மிச்சம் பிடிக்க அந்த இடைநிலைப் பகுதியை நீக்கியிருந்தவர்கள். அவர்கள் மூல நிரலைத் தேடி அலைந்தார்கள்.

லினக்ஸில் கதை வேறு மாதிரி. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை அறிவித்தபோது, இது 386 ப்ராசஸரின் வசதிகளை நம்பி எழுதப்பட்டது, வேறெங்கும் கொண்டுபோக முடியாது என்று அவரே எழுதினார். 1995-இல் ஆல்ஃபாவில் ஓடியது. இன்று ஓடாத ப்ராசஸரைத் தேட வேண்டும். மூல நிரல் எல்லோர் கையிலும் இருப்பதால் டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஆயிரக்கணக்கான நிரல்களை ஒவ்வொரு ப்ராசஸர் வகைக்கும் தாங்களே கம்பைல் செய்து வைத்துவிடுகின்றன. பயனருக்கு மாறியதே தெரியாது, மூல நிரல் தராத நிறுவனத்தின் நிரலைத் தேடும்வரை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பிசி என்பது எந்த நிறுவனம் செய்தாலும் ஒரே மாதிரி பூட் ஆகும், தன்னிடம் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும். ஆர்ம் போர்டுகளில் பல அதைச் சொல்வதில்லை. எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் எழுதித் தர வேண்டும். அதனால்தான் ஒரு லினக்ஸ் பென்டிரைவ் எல்லா இன்டெல் லேப்டாப்பிலும் பூட் ஆகிறது, புது ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் மாடலுக்கு மாடல் தகராறு செய்கிறது. நினைவகப் பக்கத்தின் (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு) அளவும் ஒரு தொல்லை. எக்ஸ்86-இல் அது 4 கிலோபைட் என்று எழுதப்படாத சட்டமாகிவிட்டது. ராஸ்ப்பெரி பை 5 இயல்பாகவே 16 கிலோபைட் பக்கங்களோடு வந்தபோது, 4 என்று உள்ளே எழுதி வைத்திருந்த சில நிரல்கள் எழவே மறுத்தன.

மொழிபெயர்ப்பான் நிரந்தரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆப்பிள் 2006-இல் இன்டெல்லுக்கு மாறியபோது தந்த முதல் ரொசெட்டாவை 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்போடு எடுத்துவிட்டது. க்விக்கன் 2007 என்ற கணக்கு நிரலை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். இன்ட்யூட் நிறுவனம் 2012-இல்தான் லயனில் ஓடும் பதிப்பைத் தந்தது. ரொசெட்டா 2 மேக்ஓஎஸ் 27 வரை முழுமையாக இருக்கும், அதற்குப் பிறகு பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்காக ஒரு பகுதி மட்டும் மிஞ்சும் என்று 2025-இலேயே அறிவித்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டுக்குப் பழைய நிரல்களை வருடக்கணக்கில் சுமக்கும் பழக்கம் உண்டு, எக்ஸ்86 கணினிகளையும் அது கைவிடப் போவதில்லை. ஆகவே அங்கே அவசரம் குறைவு. இருந்தாலும் கணக்கு மென்பொருள் விற்றவரிடம் ஆர்ம் பதிப்பு எப்போது என்று கேட்டு வையுங்கள். கேட்பவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

கடைசியாக ரிஸ்க்-ஃபைவ். இது யாருக்கும் உரிமக் கட்டணம் கட்டாமல் எவரும் ப்ராசஸர் செய்துகொள்ளக்கூடிய கட்டளைத் தொகுதி. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர்கள் இந்த வகைதான்; 2018-இல் அவற்றில் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது. அதே வருடம் ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15 கர்னலில் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு சேர்ந்தது. 2025-இல் வந்த டெபியன் 13 அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே சொந்தமாக ஒரு சிக்கல் உண்டு. அடிப்படைத் தொகுதி சிறியது, மற்றதெல்லாம் விருப்பம்போல் சேர்க்கும் நீட்சிகள். இரண்டு ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்களுக்குள்ளேயே ஒன்றில் ஓடும் நிரல் மற்றதில் ஓடாமல் போகலாம். அதைச் சரிசெய்ய, இன்னின்ன நீட்சிகள் கட்டாயம் என்று ஆர்விஏ23 போன்ற பட்டியல்களை வகுத்திருக்கிறார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டின் 25.10 பதிப்பு அந்தப் பட்டியலையே குறைந்தபட்சத் தகுதியாக வைத்துவிட்டதால், அதற்கு முன் வாங்கிய போர்டுகள் பல பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டன. விண்டோஸ் ரிஸ்க்-ஃபைவுக்கு வெளியாகவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு இந்தத் தடவை வாங்கும்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.